மீள்வரிசை: ஒரு சொல்லும் ஓர் இயல்நெறியும்

தனிமப் பட்டியல் தொங்காத மேனிலைப் பள்ளிச் சுவர் இன்று அரிது. நீரகம் முதல் ஒகனெசன் ஈறாக 118 கட்டங்கள். கட்டந்தோறும் ஒரு குறி, ஒரு பெயர், ஓர் எண். தேர்வுக்கு முந்திய திங்களில் மாணாக்கர் அவற்றுள் முதல் இருபதை உருப்போடுகின்றனர். தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர். இதில் அவர்தம் குற்றம் சிறிது. கற்பிக்கும் முறையின் குற்றம் பெரிது. அம்முறைக்கு அடியில் கிடக்கும் ஒரு சொல்லின் குற்றமும் உண்டு. அச்சொல்லைப் பற்றியதே இவ்வாசிரியவுரை.

அப்பட்டியலை மேலைநாட்டார் ‘பீரியாடிக்’ என்னும் அடைமொழியால் வழங்குகின்றனர். அது கிரேக்க வேரினின்று பிறந்தது. சுற்றிச் சென்று மீண்டும் வருதல் என்பதே அதன் பொருள். நம்மிடை அதற்கு இரு பெயர்ப்புகள் உலவுகின்றன. ஒன்று, தனிம வரிசை அட்டவணை. மற்றொன்று, ஆவர்த்தன அட்டவணை. ஈழத்துப் பாடநூல்களிலும் இதுவே வழக்கு. முன்னது தமிழ் மாணாக்கனுக்கு விளங்கும். ஆனால் முழுப்பொருளைத் தாராது. வகுப்பு வருகைப் பதிவேடும் ஒரு வரிசையே. அதில் எதுவும் மீண்டு வருவதில்லை. பின்னது பொருளைச் சுமந்து நிற்கிறது. ஆனால் அச்சுமை வடசொல் மூட்டைக்குள் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு வேற்றுச் சொல்லை அறிய இன்னொரு வேற்றுச் சொல்லை உருப்போடுவது கல்வியாகாது. விளங்கும் சொல்லில் பொருள் இல்லை. பொருளுள்ள சொல் விளங்கவில்லை. இடையில் நிற்கும் மாணாக்கனுக்கு எஞ்சுவது மனப்பாடம் ஒன்றே.

மீள்வரிசை என்று சொல்லிப் பாருங்கள். வரிசையும் உண்டு, மீள்தலும் உண்டு. சொல்லைக் கேட்ட அளவிலேயே, “எது மீள்கிறது? ஏன் மீள்கிறது?” என்று மாணாக்கன் வினவுவான். அவ்வினாதான் வேதியியலின் வாயில்.

இது சொற்பூசல், அறிவியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பார் சிலர் உளர். அவர்கட்கு இப்பட்டியலின் வரலாறே விடை கூறும்.

1789ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் இலவாசியே எளிய பொருள்கள் என 33 பொருள்களைத் தொகுத்தார். ஒளியும் வெப்பமுங்கூட அவற்றுள் இடம்பெற்றன. பின்னர்த் தனிமங்கள் பெருகின, ஒழுங்கு பெருகவில்லை. செருமானியர் தோபரைனர் 1829இல் மும்மூன்றாய் இனம் சேர்த்துக் காட்டினார். குளோரின் அணுவெடை 35.5, அயோடினுடையது 127, இரண்டின் நடு ஏறத்தாழ 81. இடையில் நிற்கும் புரோமினின் எடையோ 80. இவ்வியைபு தற்செயலாகாது என்று பலரும் உணர்ந்தனர்; முழுமையைக் காண்பார் இலர். இலண்டன் மாநகரில் நியூலாண்டு என்பார், எடைவரிசையில் வைத்தால் ஒவ்வோர் எட்டாம் தனிமமும் முதலதன் பண்போடு மீள்கிறது, ஏழிசை முடிந்து எட்டாவதாகக் குரல் மீள்வதுபோல என்று 1866இல் வேதியியல் கழகத்தில் எடுத்துரைத்தார். “அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீரோ?” என்று அவையிலிருந்த ஒருவர் எள்ளினார். கழகமும் அவர் கட்டுரையை அச்சிடவில்லை. இருபத்தோராண்டு கழித்து, 1887இல், அவருக்கு தேவி பதக்கம் வழங்கி அப்பழியை ஒருவாறு துடைத்தனர். எள்ளியவர் அறியாத ஒன்றுண்டு. அகரவரிசை பெயரால் அமைவது; பொருளின் இயல்பைப் பற்றி அஃது ஒன்றும் கூறாது. இயல்பால் அமையும் வரிசையே பேசும் வரிசை.

அவ்வரிசையைக் கண்டவர் திமித்ரி மெண்டெலீவு. 1834இல் சைபீரியாவின் தொபோல்சுகு நகரில் பிறந்தவர்; 1867இல் பீட்டர்சுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். அவர் தம் ஆய்வுக்கூடத்தில் புதுப்பொருள் ஒன்றைக் காய்ச்சி இந்நெறியைக் கண்டிலர். தம் மாணாக்கர்க்கு உருசிய மொழியில் வேதியியற் பாடநூல் ஒன்று எழுதப் புகுந்தார்; அந்நூலே அவரை இந்நெறிக்கு இட்டுச்சென்றது. முதற்பாகம் முடிந்தபோது 8 தனிமங்களே விளக்கம் பெற்றிருந்தன. அன்று அறியப்பட்டவை 63. எஞ்சிய 55ஐ இரண்டாம் பாகத்துள் எம்முறையில் அடுக்குவது? எதன்பின் எதைக் கற்பித்தால் மாணாக்கன் உள்ளத்தில் நிற்கும்? இது முற்றிலும் ஓர் ஆசிரியனின் கவலை. அக்கவலையே 1869இல் உலகுக்கு ஓர் இயல்நெறியைத் தந்தது. தாய்மொழியில் பாடநூல் எழுதுவது அறிவியலுக்குக் கீழான பணி என்று கருதுவார், இவ்வொரு செய்தியை எண்ணிப் பார்ப்பாராக.

இனிச் சொல்லின் கதைக்கு வருவோம். மெண்டெலீவு தம் கட்டுரையை உருசிய மொழியில் வெளியிட்டார். அதன் சுருக்கம் அவ்வாண்டே செருமானிய இதழ் ஒன்றில் வந்தது. பண்புகள் எடைக்கேற்ப மீண்டு மீண்டு வருகின்றன என்று அவர் எழுதியிருந்தார். பெயர்த்தவரோ, படிப்படியாய் மாறுகின்றன என்று எழுதிவிட்டார். மீள்தல் போயிற்று, படிதான் நின்றது. அந்நாளில் வேதியியலாரிற் பெரும்பாலோர் படித்தது செருமானிய மொழியையே. இலோத்தர் மேயர் என்னும் செருமானிய அறிஞர் தாமே பெருமுயற்சியால் இவ்வொழுங்கைக் கண்டிருந்தார். மீள்தலைத் தெளிவாகக் காட்டும் வரைகோடும் வெளியிட்டார். மீள்தலை முதலில் உரைத்தவர் யார் என்ற பூசல் இருவரிடையும் மூண்டு பல்லாண்டு நீடித்தது. அப்பூசலுக்கு ஒரு பெருங் கரணியம் அப்பிழையான பெயர்ப்பே. 1882இல் தேவி பதக்கம் இருவர்க்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒரு நெறியே தவறிப்போகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நம் ‘தனிம வரிசை’ என்னும் பெயரிலும் அதே மீள்தல்தான் விடுபட்டிருக்கிறது.

மீள்வின் ஆற்றலை இனிக் காண்போம். தமிழ் நெடுங்கணக்கை அறிந்தார்க்கு இஃது எளிது. க, ச, ட, த, ப என்னும் வல்லெழுத்துகள் பின்னாவில் தொடங்கி இதழ்வரை இடம் முன்னேறிச் செல்கின்றன. ங, ஞ, ண, ந, ம என்னும் மெல்லெழுத்துகள் அதே இடங்களில் அவ்வவற்றோடு இணைந்து மீள்கின்றன. ஞகரக் கட்டம் மட்டும் அழிந்துபோயிற்று என்று கொள்வோம். சகரத்தின் பிறப்பிடமும் மெல்லினத்தின் மூக்கொலியும் அறிந்தவன், காணாமற்போன எழுத்தின் ஒலி இன்னதாதல் வேண்டும் என்று துணிந்து கூறலாம். மெண்டெலீவு செய்தது அதுவே. இயல்பு பொருந்தாத இடத்தில் ஒரு தனிமத்தை வலிந்து திணியாமல் கட்டத்தை வெறுமையாக விட்டார். விட்டதோடு நில்லாமல், அங்கு வரவேண்டிய பொருளின் எடை, அடர்த்தி, கூட்டுப்பொருள்களின் தன்மை எல்லாவற்றையும் 1871இல் முன்கூட்டியே எழுதிவைத்தார்.

1875இல் பிரெஞ்சு அறிஞர் இலெக்கோக்கு தெ புவாபோதிரான் காலியத்தைக் கண்டார். அதன் அடர்த்தி 4.7 என்றார். மெண்டெலீவோ, அப்பொருளைக் கண்ணாலும் காணாதவர், 5.9 ஆதல் வேண்டும், தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்து பாரும் என்று எழுதினார். மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது. 1879இல் நில்சன் இசுகாண்டியத்தைக் கண்டார். 1886இல் விங்கிளர் செருமானியத்தைக் கண்டார். அதன் அணுவெடை 72 என்று பதினைந்தாண்டு முன்னரே எழுதப்பட்டிருந்தது. இன்றைய அளவு 72.6. அதன் குளோரைடு 100 பாகைக்குச் சற்றுக் கீழே கொதிக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. விங்கிளர் கண்டது 86. வெறுமையான கட்டமும் அறிவு தரும் என்று உலகம் அன்று கற்றது.

இவ்வெற்றுக் கட்டங்கட்கு மெண்டெலீவு இட்ட பெயர்களில் ‘ஏக’ என்னும் வடமொழி எண்ணுப்பெயர் முன்னிற்கிறது: ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கன், ஏக-போரான். வடமொழிப் பேரகராதி பீட்டர்சுபர்க்கு நகரிலேயே அச்சேறிவந்த காலம் அது. இதைக் கொண்டு, இந்திய எழுத்துமுறையும் இலக்கணமும்தாம் இப்பட்டியலுக்கு வித்து என்று மொழியியலாருள் சிலர் உய்த்துரைத்துள்ளனர். அவ்வாறாயின் நம் நெடுங்கணக்குக்கும் அப்பெருமையில் பங்குண்டு என்று கொண்டாட நம்மவர் சிலர் முனைவர். அது வேண்டா. மெண்டெலீவு தம் நெறிக்குக் காட்டிய அடிப்படை அணுவெடையும் வேதிப்பண்புமே, எழுத்துமுறை அன்று. நெடுங்கணக்கின் ஒழுங்கு நமக்கு விளக்கம் தரும் உவமை. அவருக்கு வழிகாட்டிய சான்று அன்று. சான்றில்லாப் பெருமை தமிழுக்குத் தேவையில்லை. உள்ள பெருமைக்கே அது பழி தேடித்தரும்.

இனிப் பட்டியலின் உள்ளே புகுவோம். மேலிருந்து கீழாகச் செல்லும் தொகுதியைப் பாருங்கள். முதல் தொகுதியில் இலித்தியம், சோடியம், பொட்டாசியம், உருபிடியம், சீசியம் எனும் மாழைகள் நிற்கின்றன. பாடநூலார் உலோகம் எனச் சொல்வதையே மாழை என்கிறோம். இவை கத்தியால் அறுபடும் மென்மையின. நீரொடு கூடி நீரகத்தை வெளியேற்றுவன. இலித்தியம் அமைதியாகக் குமிழியிடும். சோடியம் சீறிக்கொண்டு நீர்மேல் ஓடும். பொட்டாசியம் ஊதாச் சுடரொடு எரியும். இனம் ஒன்று, வேகம் மட்டும் இறங்க இறங்க ஏறுகிறது. ஏன்? எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின்னிகளுள் கடைசியாக நிற்பது, ஒவ்வொரு படி இறங்குந்தோறும் கருவினின்று ஓர் அடுக்கு விலகுகிறது. இடையடுக்குகளில் நிற்கும் பிற எதிர்மின்னிகள் கருவின் ஈர்ப்பை மறைக்கின்றன. ஆகலின் அதனைப் பறித்தல் எளிதாகிறது. பறிக்க வேண்டிய ஆற்றலை வேதியியலார் வழங்கும் அலகில் சொன்னால், 520, 496, 419, 403, 376 என இறங்கிவருகிறது.

இனி இடமிருந்து வலமாகச் செல்லுங்கள். மூன்றாம் வரிசையில் சோடியத்தின் ஆரம் ஏறத்தாழ 186 பிக்கோமீட்டர். அதே வரிசையில் ஆறு கட்டம் தள்ளி நிற்கும் குளோரினுடையதோ 99. எதிர்மின்னிகள் ஆறு மிகுந்தும் உருவம் சிறுத்தது எங்ஙனம்? சேர்ந்த ஆறும் ஒரே அடுக்கில் அமர்ந்தன. அவற்றிற்கு ஈடாகக் கருவில் நேர்மின்னிகளும் ஆறு மிகுந்தன. கருவின் பிடி இறுகிற்று. பிடி இறுக இறுக எதிர்மின்னியைப் பறிப்பதும் அரிதாகிறது. சோடியத்தில் 496 ஆக இருந்த ஆற்றல், குளோரினில் 1251 ஆகி, ஆர்கனில் 1521 ஆகிறது. அடுத்த கட்டம் பொட்டாசியம். அங்கே ஆற்றல் 419ஆக வீழ்கிறது. ஆரம் 227ஆகப் பெருக்கிறது. புதிய அடுக்கு தொடங்கிவிட்டது. சோடியத்தின் இயல்பு மீண்டு வந்துவிட்டது. ஏறுதலும் வீழ்தலும் மீண்டும் ஏறுதலுமாகிய மலைத்தொடர் இது. இதனை வெறும் ‘வரிசை’ என்னும் சொல் எங்ஙனம் காட்டும்?

அம்மலையேற்றத்தில் சிறு பள்ளங்களும் உண்டு. மகனீசியத்தில் 738, அடுத்த அலுமினியத்தில் 578. பாசுபரசில் 1012; அடுத்த கந்தகத்தில் 1000. ஏறவேண்டிய இடத்தில் ஏன் இறங்கிற்று? அலுமினியத்தின் கடைசி எதிர்மின்னி உயர்ந்ததோர் உள்ளடுக்கில் தனித்து நிற்பதால் எளிதிற் கழல்கிறது. கந்தகத்திலோ, ஒரே அறையில் இரண்டு எதிர்மின்னிகள் இணையவே ஒன்றையொன்று தள்ளுகின்றன. விதிவிலக்கு எனப்படுவதும் விதியின் உள்ளிருந்தே பிறக்கிறது என்பதை மாணாக்கனுக்குக் காட்ட இதனினும் சிறந்த இடம் இல்லை.

மீள்தல் என்றால் ஒரே தொலைவில் மீள்தல் என்று கொள்ளலாகாது. வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டினால் 118. எட்டாவது தோறும் மீளும் என்று கொண்ட நியூலாண்டின் நெறி, கனத்த தனிமங்களுக்குச் சென்றதும் முறிந்தது இதனாலேயே. மெண்டெலீவு நீளங்களை இயல்புக்கேற்ப விட்டுக்கொடுத்தார். இயல்பை நீளத்துக்கேற்ப வெட்டவில்லை.

அவருடைய துணிவு பிறிதோரிடத்திலும் விளங்குகிறது. தெலூரியத்தின் எடை 127.6, அயோடினின் எடை 126.9. எடைப்படி வைத்தால் அயோடினே முன்வரல் வேண்டும். ஆயினும் அயோடின், குளோரின் இனத்தது என்பதால் அதனைப் பின்னே வைத்தார். தெலூரியத்தின் எடையைப் பிறர் பிழையாக அளந்தனர் என்றும் கருதினார். அளவில் பிழை இல்லை. ஆனால் அவர் தந்த இடம் சரியே. 1913இல் மோசுலி என்னும் ஆங்கில இளைஞர் எக்சு கதிர்களால் ஆய்ந்து, தனிமத்தின் இடத்தை வரையறுப்பது எடையன்று, கருவின் மின்னளவாகிய அணுவெண்ணே என்று காட்டினார். தெலூரியம் 52, அயோடின் 53. ஈராண்டு கழித்து, 27 அகவையில், கலிப்பொலிப் போரில் குண்டுபட்டு அவ்விளைஞர் மாண்டார். அறிவியல் அடைந்த இழப்புகளுள் அது பெரிது.

1894இல் ஆர்கன் கண்டறியப்பட்டபோது மெண்டெலீவே முதலில் ஐயுற்றார். நைட்ரசன் மும்மடியாய் இணைந்த வளியோ என்றும் கருதினார். பின்னர் ஈலியம், நியான், கிரிப்டான், செனான் என எதனோடும் எளிதிற் கூடாத வளிகள் ஓரினமாகத் திரண்டன. அவற்றுக்கென ஒரு தொகுதியே புதிதாகச் சேர்ந்தது. பட்டியல் இடிந்துவிடவில்லை, நிறைவு பெற்றது. நீரகத்தினும் எடை குறைந்த தனிமங்கள் உண்டு என்று அவர் பிற்காலத்தில் கூறியது பொய்த்தது. பெரியோர் சொல்லாயினும் மெய்ப்பித்தது நிற்கும், மெய்ப்பிக்காதது உதிரும்.

இனிப் பெயர்களைப் பற்றி ஒரு சொல். வெற்றுக் கட்டங்களை நிரப்பிய மூன்றும் ஏற்ற பெயர்களைப் பாருங்கள். காலியம், பிரெஞ்சு நிலத்தின் பழம்பெயரால்; இசுகாண்டியம், கண்டவரின் வடபுல நாடுகளால்; செருமானியம், செருமானிய நாட்டால். 1898இல் மேரி கியூரி புதுத் தனிமம் ஒன்றைக் கண்டபோது அவர் பிறந்த போலந்து நிலப்படத்தில் இல்லை. மூன்று அரசுகள் அதனைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. அவர் அத்தனிமத்துக்குப் பொலோனியம் என்று பெயரிட்டார். நாடிழந்த மக்களின் பெயர் தெலூரியத்தின் கீழ்க்கட்டத்தில் என்றும் அழியாது நின்றது. 2016இல் 113ஆம் தனிமம் நிகோனியம் ஆயிற்று; அது சப்பானியர் தம் நாட்டைத் தம் மொழியில் அழைக்கும் பெயர். நாட்டுப்பற்றும் மொழிப்பற்றும் உடையோர் அறிவியலுக்குப் பகைவர் என்று நம்மைப் பழிப்போர் இக்கட்டங்களைச் சற்றே உற்றுநோக்குக.

செருமானியரும் உருசியரும் நீரகத்தையும் உயிர்வளியையும் கரிமத்தையும் தத்தம் மொழிப் பெயராலேயே வழங்குகின்றனர். அதனால் அவர்தம் வேதியியல் தேய்ந்ததோ? சீனர் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரே எழுத்து வகுத்துள்ளனர். பெரும்பாலானவற்றில் அது மாழையா வளியா என்பது எழுத்தின் உறுப்பிலேயே தெரியும். பெயரே வகைப்பாடாக நிற்கிறது. ஆக்சிசன் என்னும் சொல்லுக்குக் காடியை ஈனுவது என்று பொருள். எல்லாக் காடிகளிலும் அது உண்டு என்ற தவற்றால் பிறந்த பெயர். உப்புக் காடியில் அஃது இல்லை என்று 1810இலேயே தேவி காட்டிவிட்டார். நம் உயிர்வளி என்னும் பெயரில் அத்தவறு இல்லை. ஆயினும் இதிலும் அளவு வேண்டும். இடப்பெயராலும் மாந்தர் பெயராலும் அமைந்தவற்றைப் பெயர்க்கப் புகுவது வீண். அவற்றைத் தமிழ் ஒலிமுறைக்கு இயைய எழுதினாற் போதும். குறியீடுகள் உலகப் பொது. அவை அவ்வாறே நிற்க. பொருள் உணர்த்த வேண்டிய சொற்களுக்கே தமிழ் வேண்டும். மீள்வரிசை அத்தகையது.

பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் அன்பர்காள்! பட்டியலை உருப்போடச் சொல்லாதீர்கள். ஒரு கட்டத்தை மறைத்து, மேலும் கீழும் இடமும் வலமும் உள்ளவற்றைக் காட்டி, “இங்கே வரவேண்டியது எத்தகையது? சொல்” என்று வினவுங்கள். மெண்டெலீவு நின்ற இடத்தில் ஒவ்வொரு தமிழ்ச் சிறுவனையும் சிறுமியையும் நிறுத்துங்கள். முதல் இருபது தனிமங்களின் ஆற்றல் அளவைக் கட்டத்தாளில் வரையச் செய்யுங்கள்; மலையும் வீழ்ச்சியும் அவர்தம் கையாலேயே எழட்டும். அப்போது, “இதற்கு என்ன பெயர்?” என்று கேளுங்கள். மீள்வது என்று அவர்களே சொல்வர்.

பாடநூல் யாப்போர் அச்சொல்லைப் பின்னர் ஏற்கட்டும்; வகுப்பறை இன்றே ஏற்கலாம். உருசிய ஆசிரியர் ஒருவர் தம் மாணாக்கர்க்காகத் தம் மொழியில் ஒழுங்கு தேடினார். அவர் கண்டது உலகின் ஒழுங்காயிற்று. நம் மொழியில் நம் மாணாக்கர்க்காகத் தேடுவோர் எழுக. வெற்றுக் கட்டங்கள் இன்னும் உள.